எது எங்கே

கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அவளுடைய நாற்காலியில் தலைமை நர்ஸ் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பிசியோதெரபி டாக்டர் நின்றிருந்தார். அவருக்கும் பின்னால், எக்ஸ்ரே அறையிலிருந்து வந்த ஒரு பெண் சுவரில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் தலைமை நர்ஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு வீல்சேர் தேடிட்டிருக்கேன். நீ அப்படி ஓரமா நின்னுக்கோ."

"மேடம், இது என் சீட்டு."

"தெரியுது. அதான் மரியாதையா சொல்றேன்."

தன் நாற்காலியில் உட்காரத் தனக்கே முறை வரவில்லை என்பது அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து மேசையில் குவிந்திருந்த வேலை அப்படியே குவிந்திருந்தது. போதாக்குறைக்கு, வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அவரவர் உயரத்துக்கு ஏற்ப நாற்காலியை ஏற்றி இறக்கியிருந்தார்கள். அவள் கடைசியாக உட்கார்ந்தபோது கால் தரையைத் தொடவில்லை.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் கருவிகள் பிரிவில் எழுத்தர். எந்தப் பொருள் எந்த வார்டில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் 'வீல்சேர் அக்கா'. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் பொருள்களுக்குக் கால் முளைத்துவிடும். வீல்சேர் போனால் நியாயம் உண்டு, அதற்குச் சக்கரம் இருக்கிறது. ஆனால் எடை பார்க்கிற மெஷின் போகும், மறைப்புத் திரை போகும். குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற கம்பி ஒன்று, பல நாள் தேடலுக்குப் பிறகு கேன்டீன் பின்கட்டில் அகப்பட்டது. அதில் யாருடைய ஈரத் துண்டோ காய்ந்துகொண்டிருந்தது.

தேடித் தேடி அலுத்துப்போய், தன் கணினியில் இருந்த டேட்டாபேஸ் மென்பொருளை அவளே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, சின்னதாக ஒன்று செய்தாள். பொருள் இடம் மாறினால் வார்டிலிருந்து அவளுக்குப் போன் வரும். அவள் பதிவாள். 'வீல்சேர்' என்று தட்டினால் எந்த மாடி, எந்த அறை, காலியா இல்லையா என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். அதற்கு 'எது எங்கே' என்று பெயர் வைத்தாள்.

பெருமை தாங்காமல் நாலு பேரிடம் காட்டினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

"இதை எங்க கம்ப்யூட்டர்லயும் போட்டுக் கொடுத்துட்டா நாங்க ஏன் இங்க வந்து கால் கடுக்க நிக்கப்போறோம்?" என்றார் பிசியோ டாக்டர்.

"ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல திறக்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

"யார் போட்ட விதி?"

கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். விதி போட்டவர் கணினிப் பாதுகாப்புப் பிரிவின் தலைவர். நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்று பென் டிரைவ் செருகுகிற ஓட்டைகளை எல்லாம் அடைத்தவர் அவர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் 'பூட்டு சார்' என்று பெயர். வீல்சேர் அக்காவுக்கு அவர் கணவர்.

"வீட்டுலயே பூட்டு சாரை வச்சுக்கிட்டு எதுக்கு இவ்வளவு யோசனை?" என்றார் தலைமை நர்ஸ். "ஒரு வார்த்தை காதுல போட்டு வையேன்."

"அவர் தன் போனுக்குப் புது பாஸ்வேர்டு வச்சு, அதை மறந்துட்டு, மறந்தவன்கிட்ட கொடுக்க முடியாதுன்னு ரெண்டு நாள் போனைத் தொடாம இருந்த மனுஷன் மேடம்."

இன்னொன்றும் இருந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சு கூடாது. அதை முன்மொழிந்தவரே அவர்தான். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தாலும், ஆஸ்பத்திரி வாசல் தாண்டியதும் அவர் வாயையும் பூட்டிக்கொள்வார்.

"முறைப்படி எழுதிக் கொடுத்தா?" என்றாள் எக்ஸ்ரே பெண்.

"அது பெரிய டாக்டர் மேசைக்குப் போகும். அவர் மேசைக்குப் போன காகிதம் எங்க இருக்குன்னு 'எது எங்கே'யே சொல்லாது."

வேறு வழி தெரியாமல், அன்று மதியம் அவள் 'எது எங்கே'யை எல்லா வார்டும் பார்க்கக்கூடிய பொது ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போட்டாள். பெயரை மட்டும் 'துணி சலவை விவரம்' என்று மாற்றினாள். சலவை விவரத்தை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

ஒரு மணி நேரம் சொர்க்கமாக இருந்தது. நாற்காலி அவளுடையதாக இருந்தது. பிறகு போன் அடித்தது.

"எனக்குத் திறக்க மாட்டேங்குது," என்றார் தலைமை நர்ஸ். "வேற யாரோ திறந்து வச்சிருக்காங்கன்னு வருது."

ஒருவர் திறந்து வைத்தால் மற்றவருக்கு அது மூடிக்கொண்டது. திறந்து வைத்தவர் பிசியோ டாக்டர். திறந்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். தலைமை நர்ஸ் கேன்டீனுக்குப் போய், அவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி, குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போவதுபோலக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மூட வைத்தார். அவர் மூடிய நொடியில் எக்ஸ்ரே பெண் திறந்துவிட்டாள். தலைமை நர்ஸ் அடுத்து எக்ஸ்ரே அறைக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பூட்டு சார் முட்டையின் ஓட்டை உரித்தபடி, யாரும் கேட்காமலே பேச்சை ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஒரு கூத்து. பொது ஃபோல்டர்ல யாரோ ஒரு டேட்டாபேஸைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க."

அவள் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"வீட்டுல ஆபீஸ் பேச்சு பேசக் கூடாதுப்பா," என்றாள் மகள்.

"சிரிப்பு வந்துச்சு, சொன்னேன். சலவை விவரம்னு பேராம். சலவைக்காரங்க அழுக்குத் துணி எண்ணுறதுக்கு இவ்வளவு பெரிய ஃபைல் எதுக்கு? நாளைக்குக் காலையில வேலை ஆரம்பிச்சதும் அந்த ஃபோல்டரையே துடைச்சுடப் போறோம்."

"போட்டது யாருன்னு தெரிஞ்சா என்னப்பா பண்ணுவீங்க?"

"பெரிய டாக்டர்கிட்டதான் போகும். வேலைக்கே ஆபத்துதான்." உப்பைத் தூவிக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்லணும். செஞ்ச ஆளுக்கு மூளை இருக்கு. நல்லா செஞ்சிருக்காங்க."

அவள் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

மறுநாள் அவர் தயாராவதற்குள் முந்தின பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிற பிரிண்டர் அண்ணன், நடைபாதையில் ஒரு பிரிண்டரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியவர். ஆஸ்பத்திரியில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அவர்தான் வருவார்.

"என்ன தங்கச்சி, சீக்கிரமே?"

"கொஞ்சம் வேலை இருக்குண்ணே."

"இருக்கும், இருக்கும்," என்று அவர் திருப்புளியைத் தேடினார்.

அவள் ஓடிப்போய் ஃபைலை எடுத்துவிட்டாள். வேலை ஆரம்பித்ததும் ஃபோல்டர் துடைக்கப்பட்டது. அவள் மனதுக்குள் ஓர் உளவாளியின் மிடுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த யோசனை மெயில். ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். டேட்டாபேஸ் என்று தெரிந்தால் மெயில் வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதால், அதைப் படம்போல வேஷம் போட்டு அனுப்பினாள். 'சூரிய உதயம்' என்று பெயர் வைத்தாள். வந்ததும் பெயரை மாற்றித் திறக்கும் விதத்தைப் போனில் ஒவ்வொருவருக்கும் குசுகுசுவென்று சொல்லிக் கொடுத்தாள்.

எல்லோருக்கும் திறந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். எல்லோரும் அவரவர் பிரதியில் அவரவர் மாற்றங்களைப் பதிந்தார்கள்.

மறுநாள் காலை, காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போகத் தயாராகி, பையெல்லாம் கட்டிவைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கீழே இறக்க ஒரு வீல்சேர் வேண்டும்.

"மேல் மாடியில காலியா ஒண்ணு இருக்கு," என்றார் தலைமை நர்ஸ், தன் பிரதியைப் பார்த்து.

"அது என் அறையில இருக்கு," என்றார் பிசியோ டாக்டர், தன் பிரதியைப் பார்த்து.

"எக்ஸ்ரே வாசல்லதான் நிக்குதுன்னு இதுல போட்டிருக்கே," என்றாள் எக்ஸ்ரே பெண்.

ஒரு பணியாளர் மேலே போகிற லிஃப்டில் ஏறினார். இன்னொருவர் கீழே வருகிற லிஃப்டில் ஏறினார். இருவரும் வெறுங்கையோடு திரும்பி, இரண்டாம் முறை இடம் மாறிப் போனார்கள். வாத்தியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் வீல்சேர் கடவுள் மாதிரி போல," என்றார். "எங்கேயும் இருக்குன்னு எல்லாரும் சொல்றீங்க. பார்த்தவங்க யாரும் இல்ல."

கடைசியில் அது பிரசவ வார்டில், பொம்மைகளும் பலூன்களும் ஏற்றிக்கொண்டு நின்றது. எந்தப் பிரதியிலும் அது இல்லை. வாத்தியார் ஒரு பலூனோடு வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் பூட்டு சார் மறுபடி ஒப்பந்தத்தை மீறினார்.

"அந்த ஆள் இப்ப மெயில்ல இறங்கியிருக்கான். சூரிய உதயமாம். இந்தக் கனத்துக்கு ஒரு படம் இருந்தா அதுல சூரியனே உள்ள இருக்கணும்." தண்ணீர் குடித்தார். "வேஷம் போடத் தெரியுது, எடை குறைக்கத் தெரியல. அரைகுறை."

அவருக்கென்று எடுத்த முட்டையை அவள் மகளின் தட்டில் வைத்தாள்.

"நாளைக்கு மத்தியானத்துலேர்ந்து மெயில்ல ஒரு படமும் உள்ள வராது, வெளிய போகாது," என்று முடித்தார்.

மறுநாள் மத்தியானத்துக்குள் அவள் வார்டு வார்டாகப் போய், ஒவ்வொரு பிரதியையும் தன் கண் முன்னால் அழிக்கச் செய்தாள். அதில் தப்பித்தாள். ஆனால் படங்கள் நின்றதில் வேறொரு வினை வந்தது. பெரிய டாக்டர் தினமும் காலையில் ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரு பூவின் படமும் அதற்குக் கீழே ஒரு நல்வாக்கும் அனுப்புவார். அடுத்த நாள் அது யாருக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியே நிம்மதியாக மூச்சு விட்டது. பெரிய டாக்டர் மட்டும், ரோஜாவைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று விசாரிக்க, விஷயம் வெளியே வந்தது.

"படத்துக்குள்ள என்னத்தையோ ஒளிச்சு வச்ச ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்," என்று அவர் உத்தரவு போட்டதாகச் செய்தி வந்தது.

இனி எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது என்று அவள் நினைத்தாள். ஆனால் அவள் நாற்காலியில் இப்போது மறுபடியும் தலைமை நர்ஸ் இருந்தார். வரிசை கதவுக்கு வெளியே போயிருந்தது. இதற்கும் ஒரு வழி செய்யாவிட்டால் அவள் வேலை ஓடாது. ஃபைல் எங்கேயும் போகக் கூடாது, அதே சமயம் எல்லோரும் பார்க்க வேண்டும்.

யோசித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தவளுக்கு ஜன்னல் கண்ணில் பட்டது. அவள் அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். அவள் மானிட்டரைத் தூக்கி, முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தாள். இதற்கு விதி ஏதும் இல்லை என்று அவள் நினைத்தாள்.

வேண்டியவர்கள் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டுவார்கள். கையால் சக்கரம் சுற்றிக் காட்டினால் வீல்சேர். கையைத் தூக்கி நிறுத்தினால் குளுக்கோஸ் கம்பி. அவள் கழுத்தை ஒடித்துக்கொண்டு தட்டெழுத, திரை வெளியே பதில் சொல்லும். எடை மெஷினுக்கு பிசியோ டாக்டர் காட்டிய சைகை பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் புரிந்தது.

கூட்டம் நிற்பதைப் பார்த்து நோயாளிகளின் சொந்தக்காரர்களும் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். திரையில் எண்கள் மாறுவதைப் பார்த்து, டாக்டரைப் பார்க்கிற டோக்கன் இங்கேதான் போடுகிறார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

"முப்பத்தாறு வந்துடுச்சா?" என்று ஒரு அம்மா கண்ணாடியைத் தட்டினார்.

"அது கட்டில் நம்பர்ம்மா."

"பரவாயில்ல. கட்டில் கிடைச்சாலும் சரிதான். கால் வலிக்குது."

அன்று சாயங்காலம் அவள் முட்டையை உரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் சாப்பிட்டார். மகளின் பாடத்தைக் கேட்டார். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொன்னார். நடைபாதையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

"இன்னிக்கு ஆஸ்பத்திரியில விசேஷம் ஒண்ணும் இல்லையாங்க?" என்று அவளே தூண்டில் போட்டாள்.

"வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம்னு நாமதானே பேசி வச்சோம்," என்று அவர் எழுந்து கை கழுவப் போனார்.

அப்படியென்றால் அவருக்குத் தெரியவில்லை. அன்று அவள் கவலையில்லாமல் தூங்கினாள்.

மறுநாள் காலை, நடைபாதைக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, பெரிய டாக்டர் வந்துவிட்டார். ஒருநாளும் அந்தப் பக்கம் வராதவர். அவருக்குப் பக்கத்தில், கையில் ஒரு ஃபைலோடு, பூட்டு சார். கண்ணாடிக்கு உள்ளே இருந்து அவள் பார்த்தபோது, கணவரின் முகம் பஸ் டிக்கெட்போல ஒன்றும் காட்டாமல் இருந்தது.

"இங்க என்ன கூட்டம்?" என்றார் பெரிய டாக்டர்.

பிசியோ டாக்டர் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை மும்முரமாகப் படித்தார். கட்டில் கேட்ட அம்மாதான் பதில் சொன்னார். "இந்தக் கண்ணாடியில கேட்டா எந்தப் பொருள் எங்க இருக்குன்னு சொல்லுதுங்க. நீங்களும் வரிசையில வாங்க."

பெரிய டாக்டர் உள்ளே வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"எதைக் கேட்டாலும் சொல்லுமா?"

"ஆஸ்பத்திரிப் பொருளா இருந்தா சொல்லும் சார்."

"என் அறையில ஒரு சுழல் நாற்காலி இருந்துச்சு. தோல் போட்டது. காணாமப் போய் ரொம்ப நாளாச்சு."

அவள் தட்டினாள். திரையில் வந்தது: பிசியோதெரபி அறை. பயன்பாட்டில் உள்ளது.

எல்லோரும் பிசியோ டாக்டரைப் பார்த்தார்கள்.

"அது முதுகுப் பயிற்சிக்கு சார்," என்றார் அவர். "என் முதுகுக்கு."

பெரிய டாக்டர் சிரித்தே விட்டார். பிறகு பூட்டு சார் பக்கம் திரும்பினார். "இதுல நோயாளிங்க விவரம் ஏதாவது இருக்கா பாருங்க."

பூட்டு சார் குனிந்து, அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போலத் திரையை நிதானமாகப் பார்த்தார். "இல்ல சார். பொருள்கள் மட்டும்தான்."

"அப்ப எல்லா வார்டுக்கும் கொடுக்கிறதுல என்ன தடை?"

"பாதுகாப்பா ஒரு சர்வர்ல வச்சு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்தா தடையில்ல சார். உங்க கையெழுத்து மட்டும் வேணும்."

ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பெரிய டாக்டர் அதைச் சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டார். போகிற இடமெல்லாம் காகிதமும் கையுமாகத் திரிகிற மனுஷன் என்று அவள் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

"அந்தப் பட விவகாரம் என்னாச்சு? ஆள் அகப்பட்டாரா?" என்று பெரிய டாக்டர் போகிற போக்கில் கேட்டார்.

"விசாரிச்சுட்டிருக்கோம் சார்," என்றார் பூட்டு சார். "ரொம்பக் கெட்டிக்கார ஆளா இருக்கு."

அந்த வாரத்துக்குள் 'எது எங்கே' எல்லா வார்டிலும் திறந்தது. ஒரே பிரதி. ஒரே நேரத்தில் எல்லோரும் பார்க்கலாம். யாரும் யாரையும் கேன்டீனிலிருந்து இழுத்துவர வேண்டியதில்லை. பெரிய டாக்டரின் பூக்கள்கூடத் திரும்பி வந்துவிட்டன. வீல்சேர் அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து, அதைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, கால் இரண்டும் தரையில் பட, குவிந்து கிடந்த வேலையை ஒவ்வொன்றாக முடித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆள் நடமாட்டமே இல்லை.

ஒரே ஒரு உறுத்தல் மட்டும் இருந்தது. ஊரையே பூட்டுகிற மனுஷர், பக்கத்தில் உட்கார்ந்து முட்டை உரித்துக் கொடுப்பவளைக் கண்டுபிடிக்கவில்லையே. பாவம், அப்பாவி. தொழிலில் இப்படிக் கோட்டை விட்டது தெரிந்தால் உடைந்துபோவார். கடைசி வரை இதை அவரிடம் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தாள். ஒரு நல்ல மனைவி சில விஷயங்களை மறைத்துத்தான் ஆக வேண்டும்.

அவளுடைய கணினியையும் புது சர்வரோடு இணைக்க பிரிண்டர் அண்ணன் வந்தார். மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் ஏதோ ஒயரைச் செருகினார்.

"ஏண்ணே," என்றாள் அவள், குரலில் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டு. "அந்த சலவை, சூரிய உதயம் எல்லாம் அனுப்பின ஆளைக் கடைசி வரைக்கும் உங்களால பிடிக்க முடியலையாமே?"

மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"என்ன தங்கச்சி இப்படிக் கேக்கற, முதல் நாளே ஃபைலுக்குள்ள உன் பேரைப் பார்த்துட்டு நாங்க பூட்டப் போனோம், சார்தான் 'இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் பூட்டுங்க, நான் சாயங்காலம் வீட்டுல சொல்லிட்டு வந்துடறேன்'னாரு."